எக்ஸ்சேஞ்ச் அக்காவின் சைட்மேப்

பூட்டுக்காரரின் மனைவிக்கு அந்தத் தெரு வைத்த பெயர் எக்ஸ்சேஞ்ச் அக்கா. கல்யாணத்துக்கு முன்பே ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்தவள். பிரசவ வார்டைக் கேட்டு அழுகிறவரையும், பில் கவுண்டரைக் கேட்டுக் கத்துகிறவரையும் ஒரே குரலில் "லைன்ல இருங்க" என்று நிறுத்திவைத்து, உரிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். பிறகு ஆஸ்பத்திரி ஒரு பதிவுக் குரலை வாங்கி வைத்தது. ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும் என்று அந்தக் குரல் ஆரம்பித்ததும், இவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து கணவனின் பூட்டுக்கடைக் கல்லாவில் உட்கார்ந்தாள். வேலை போனது. பெயரும் குரலும் போகவில்லை.

கடை முன்பெல்லாம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரிலேயே இருந்தது. சாலையை அகலப்படுத்த அந்த வரிசையை இடித்தார்கள். பூட்டுக்காரர் தன் பட்டறை மேசையையும் சாவி வெட்டும் இயந்திரத்தையும் தூக்கிக்கொண்டு, மருந்துக்கடைக்குப் பின்னால் இருக்கும் சந்தில் ஒரு அறைக்கு வந்து சேர்ந்தார். சலவைக்கடையைத் தாண்டி, வளைந்து, தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே. தெரிந்தவர்களுக்கே வழி தெரியாது. போர்டு மட்டும் பழைய போர்டு. சந்தின் அகலத்துக்கு அது அதிகம் என்பதால் சாய்த்து மாட்டியிருந்தார்கள்.

சாவியைத் தொலைத்தவர்கள் சந்து சந்தாக அலைவதில்லை. நின்ற இடத்திலேயே போனை எடுத்துத் தேடுகிறார்கள். தேடினால் ஒரு கம்பெனிதான் வந்தது. அந்தக் கம்பெனியிடம் ஒரு பூட்டும் கிடையாது, ஒரு அரமும் கிடையாது. அழைப்பை வாங்கி, ஊரில் உள்ள பூட்டுக்காரர்களில் யாரையாவது அனுப்பும், கூலியில் பாதியை எடுத்துக்கொள்ளும். அந்தக் கம்பெனி ஆள் ஒருநாள் ஆரஞ்சு நிறச் சட்டையில் வந்து இறங்கினார். கூடவே பூட்டுக்காரர் அளவுக்கு இன்னொரு ஆரஞ்சுச் சட்டை, பிளாஸ்டிக் உறையில்.

"அண்ணே, இனிமே நீங்க ஆளைத் தேட வேண்டாம். நாங்க அனுப்பற எடத்துக்குப் போனாப் போதும். இந்த போர்டைக் கழட்டிடணும், உங்க சொந்த நம்பரை யாருக்கும் குடுக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்றாள் எக்ஸ்சேஞ்ச் அக்கா. "மூச்சு விடறதுக்கும் உங்ககிட்டக் கேக்கணுமா?"

"அக்கா தமாஷா பேசறாங்க," என்றார் ஆரஞ்சுச் சட்டைக்காரர். "மாசக் கடைசியில வர்றேன். யோசிச்சு வையுங்க."

சட்டையை அவரே ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். அது அங்கேயே தொங்கியது. கல்லாவிலிருந்து தலை நிமிர்ந்தால் அதுதான் முதலில் கண்ணில் படும்.

பூட்டுக்காரர் அதிகம் பேசுகிறவர் அல்ல. "இத்தன வருசம் எவன் சட்டையும் போட்டதில்ல," என்று மட்டும் சொன்னார். ஆனால் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்ததும் அவர்தான். மாசக் கடைசிக்குள் தங்கள் கடை தேடலில் வந்துவிட்டால் போர்டு நிற்கும், இல்லாவிட்டால் ஆரஞ்சு. இருவருக்கும் இது வாய்விட்டுச் சொல்லாமலே தெரியும்.

வெப்சைட் ஏற்கெனவே இருந்தது. அவள் தம்பி வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், பெட்டி கட்டுவதற்கு நடுவே செய்து கொடுத்தது. பீரோ பூட்டு, மேசை டிராயர், இரும்புப் பெட்டகம், வண்டிப் பூட்டு, தபால் பெட்டி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். கடைசியில் செட்டிங் கேள்விகள் மிச்சமிருந்தபோது தம்பி பெட்டிக்குக் கயிறு வாங்கப் போய்விட்டான். கேள்விகளை எக்ஸ்சேஞ்ச் அக்கா உரக்கப் படித்தாள். பூட்டுக்காரர் பல்லில் ஒரு ஸ்பிரிங்கைக் கவ்விக்கொண்டு பதில் சொன்னார்.

"யார் வேணும்னாலும் இங்க உறுப்பினர் ஆகலாமா?"

"பூட்டு."

"தெரியாதவங்க கருத்து எழுதலாமா?"

"பூட்டு."

அதற்குக் கீழே இருந்தவற்றுக்கும் அவர் அதையேதான் சொன்னார். அவர் வழக்கம் அப்படி. பழுது பார்த்த பூட்டைத் திறந்த நிலையில் வாடிக்கையாளரிடம் கொடுக்கவே மாட்டார். பூட்டிக் கொடுத்து, சாவியைத் தனியாகக் கொடுப்பார். வீட்டில் பிரிட்ஜுக்குப் பூட்டு உண்டு. சர்க்கரை டப்பாவுக்கும் உண்டு. விருந்தாளிகள் வந்தால் காபிக்கு முன்னால் சாவிக்கொத்துச் சத்தம்தான் கேட்கும்.

ஆரஞ்சுச் சட்டைக்காரர் போன மறுநாள் அவள் தம்பிக்குக் குரல் செய்தி அனுப்பினாள். பதில் வந்தது.

"அக்கா, சிம்பிள்தான். சைட்மேப் ஒண்ணு எழுதித் தேடல் கம்பெனிக்கு அனுப்பணும். நம்ம வெப்சைட்ல என்னென்ன பக்கம் எங்கெங்க இருக்குன்னு காட்டற ஃபைல். அத வச்சுத்தான் அவங்க மெஷின் வந்து பாக்கும். தானா எழுதற வசதியும் இருக்கு, ஆனா நம்ம சைட்ல என்னவோ அது வேலை செய்யல. நீ கையாலயே எழுதிடு. மாதிரி அனுப்பியிருக்கேன்."

அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. எக்ஸ்சேஞ்சில் அவள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த வார்டுத் தாள்தான் இது. எந்த வார்டுக்கு எந்த நம்பர், எந்த மாடி. அந்தத் தாள் இல்லாவிட்டால் புது ஆள் யாரும் ஒரு அழைப்பைக்கூடச் சேர்க்க முடியாது. இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தாள். அப்படி நினைத்தது அந்த மாதத்தில் அதுவே கடைசி.

சைட்மேப்பை உட்கார்ந்து எழுதினாள். ஒவ்வொரு முகவரியையும் இரண்டு முறை சரிபார்த்தாள். வெப்சைட்டில் ஏற்றி, தேடல் கம்பெனியின் பக்கத்தில் சமர்ப்பித்தாள். சிவப்பு எழுத்து வந்தது. படிக்க முடியவில்லையாம். அழித்து மறுபடி ஏற்றினாள். சிவப்பு. கணினியை அணைத்துப் போட்டாள். சிவப்பு. தம்பி இருக்கும் நாட்டில் அப்போது தூக்க நேரம். அவன் விழித்துப் பல் தேய்க்கும்வரை அவள் கல்லாவில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, மொதல் வரிக்கு மேல ஒரு வரி காலியா விட்டிருக்க."

"ஆமா, விட்டேன். ஆஸ்பத்திரில எந்தச் சீட்டு எழுதினாலும் மேல ஒரு வரி விட்டுத்தான் எழுதுவோம். வாங்கிக்கற நர்ஸ் கையெழுத்துப் போட வேணாமா?"

"இங்க எந்த நர்ஸும் கெடையாது அக்கா. ஃபைல் மொத வரியிலேயே ஆரம்பிக்கணும். இல்லேன்னா அது படிக்காது."

"ஒரு காலி வரிக்கா இவ்வளவு திமிர்?"

காலி வரியை எடுத்தாள். இப்போது வேறு சிவப்பு. முகவரிகள் பொருந்தவில்லை என்றது. இதற்கு விடை கிடைக்க இன்னும் சில நாட்கள் நாக்குத் தள்ள அலைந்தாள். கடைக்கு இரண்டு முகவரி இருந்திருக்கிறது: மேலே சின்னப் பூட்டுப் படம் காட்டும் பாதுகாப்பான முகவரி ஒன்று, பூட்டுப் படம் இல்லாதது ஒன்று. அவள் எழுதியது எல்லாம் பூட்டு இல்லாதது.

பூட்டுக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்தச் சின்னப் பூட்டைக் கிட்டத்தில் பார்த்தார். "இது என்ன பூட்டு? சாவி போடற ஓட்டையே இல்ல."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

"இல்லம்மா, கேட்டேன். பூட்டுக்கடைக்காரி பூட்டு இல்லாத அட்ரஸக் குடுத்தா எவன் நம்புவான்?"

"வாயக் கெளறாதீங்க. எனக்கு இப்ப மண்ட காயுது."

எல்லா முகவரியையும் மாற்றினாள். சமர்ப்பித்தாள். பச்சை வந்தது. 'வெற்றி' என்று எழுதியிருந்தது. எல்லாப் பக்கங்களும் கண்டுபிடிக்கப்பட்டன என்றும் சொன்னது. அவள் கணவனை இழுத்து வந்து காட்டினாள். அவர் பச்சையைப் பார்த்தார். பிறகு காலியாகக் கிடந்த சந்தைப் பார்த்தார்.

"பச்சை வந்துடுச்சு, சரி. ஆளு?"

"வருவாங்க. தேடல்ல வர்றதுக்குக் கொஞ்ச நாள் ஆகுமாம்."

கொஞ்ச நாளும் ஆனது. அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். தன் போனில் தேடினால் தன் போன் பொய் சொல்லுமோ என்று சந்தேகப்பட்டு மருந்துக்கடை அம்மாவிடம் போனாள். அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, இவள் சொன்னதை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்.

"மொதல்ல அந்த ஆரஞ்சுக் கம்பெனி வருது. அப்புறமும் அதே கம்பெனிதான். அப்புறம்... பூட்டுப் படம் வரையறது எப்படி, சின்னப் பசங்களுக்கு."

"இன்னும் கீழ போங்க."

"கீழ போய்ட்டேன்மா. உன் கடைக்கு ஒட்டினாப்புல இருக்கேன், எனக்கே காட்டல. உன் வீட்டுக்காரர் கடை நெசமாவே இருக்கா?"

அந்த அம்மா விளையாட்டுக்குத்தான் சொன்னாள். எக்ஸ்சேஞ்ச் அக்காவுக்கு அது சுருக்கென்று தைத்தது. கடைக்கு வந்ததும் தேடல் கம்பெனியின் அறிக்கைப் பக்கத்தை முதல்முறையாகக் கடைசிவரை திறந்து பார்த்தாள். பச்சைக்கு வெகு கீழே, சாம்பல் நிறத்தில், 'விலக்கப்பட்டவை' என்று ஒரு பகுதி. பீரோ, டிராயர், பெட்டகம், வண்டி, தபால் பெட்டி, ஒன்று பாக்கியில்லாமல் எல்லாம் அங்கே கிடந்தன.

"பாத்தீங்களா? நம்மள ஒதுக்கிட்டாங்க! கூப்புட்டு வச்சு, வெற்றின்னு சொல்லி, உள்ள விடாம வாசலோட அனுப்பறாங்க!"

"எதுக்கு ஒதுக்கணும்?"

"சின்னக் கடைன்னா எளக்காரம். வேற என்ன?"

உதவிப் பக்கத்தில் காரமாக ஒரு புகார் எழுதினாள். உங்கள் பொறுமைக்கு நன்றி என்று பதில் வந்தது. இவள் பொறுமையாக எழுதவே இல்லை. அந்தப் பதிலைப் பார்த்ததும் அவளுக்கு ஆஸ்பத்திரியின் பதிவுக் குரல் நினைவுக்கு வந்தது, கோபம் இரட்டிப்பானது. அதன் பிறகு காலையில் கடை திறந்ததும் ஒருமுறை, சாப்பாட்டுக்குப் பின் ஒருமுறை அதே சைட்மேப்பை மறுபடி மறுபடி சமர்ப்பித்தாள். ஒவ்வொரு முறையும் பச்சை. ஒவ்வொரு முறையும் கிணற்றில் போட்ட கல்.

"அக்கா, திருப்பித் திருப்பி அனுப்பாத. அதனால ஒரு பிரயோஜனமும் இல்ல," என்றான் தம்பி.

"உன் வெப்சைட்டாலதான்டா ஒரு பிரயோஜனமும் இல்ல! கயிறு வாங்கப் போறேன்னு பாதில ஓடினவன்தானே நீ? நீ எதைத்தான் ஒழுங்கா முடிச்சிருக்க?"

அந்தக் குரல் செய்திக்குத் தம்பி பதில் போடவில்லை. ரோஷக்காரன்.

மாசக் கடைசி நெருங்கியது. ஒரு மத்தியானம் பூட்டுக்காரர் அரத்தைக் கீழே வைத்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்து, ஆணியிலிருந்த ஆரஞ்சுச் சட்டையை உறையிலிருந்து எடுத்து, உடம்போடு வைத்து அளவு பார்த்தார். தோளில் சற்று பிடித்தது.

"அந்த ஆளுக்குப் போன் போடு," என்றார். "நாளைக்கு வந்து கையெழுத்து வாங்கிக்கட்டும்."

அவள் போனை எடுத்தாள். ஆனால் செய்யும் வேலையை முறையாகச் செய்கிறவள். கம்பெனியின் நிபந்தனைப்படி வெப்சைட்டில் தங்கள் நம்பர் இருக்கக் கூடாது. அதை முதலில் எடுத்துவிட்டுப் போன் போடலாம் என்று, தம்பி ஊருக்குப் போன நாளுக்குப் பிறகு தொட்டே பார்க்காத செட்டிங் பக்கத்தைத் திறந்தாள். மேலிருந்து கீழாக நிதானமாகப் படித்துக்கொண்டு வந்தாள். ஓரிடத்தில் அவள் விரல் நின்றது.

ஒரு சின்னக் கட்டம். அதில் ஒரு டிக். பக்கத்தில், தேடல் இயந்திரங்கள் இந்தத் தளத்தைத் தங்கள் தேடலில் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவும்.

"ஏங்க," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "ஏங்க, இங்க வாங்க. சட்டையக் கீழ போட்டுட்டு வாங்க."

அவர் வந்து படித்தார். மறுபடி படித்தார்.

"இத யாரு டிக் பண்ணது?"

"நாந்தான். அன்னிக்கு நான் படிச்சேன், நீங்க பூட்டுன்னீங்க, நான் பூட்டினேன்."

"நான் எப்ப சொன்னேன்?"

"எல்லாத்துக்கும்தானே சொன்னீங்க! பல்லுல ஸ்பிரிங்கக் கவ்விக்கிட்டு, வெளியாளுன்னு கேட்டாப் பூட்டு, மெஷின்னு கேட்டாப் பூட்டு! அவங்க நம்மள ஒதுக்கலைங்க. நாமதான் வராதேன்னு சொல்லியிருக்கோம். அவங்க மரியாதையாப் படிச்சுட்டு, சரின்னு ஒதுங்கிட்டாங்க."

பூட்டுக்காரர் முகத்தில் ஈ ஆடவில்லை. "தெரியாதவன உள்ள விடக் கூடாதுன்னுதான்..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. தேடல் கம்பெனியைத் திட்டியாயிற்று, தம்பியைத் திட்டியாயிற்று, பாக்கி இருந்த இருவரும் அந்த அறையில்தான் இருந்தார்கள். டிக்கை எடுத்தாள். தம்பிக்கு எழுதினாள். ரோஷத்தையும் மீறி அவன் உடனே குரல் செய்தி அனுப்பினான். முதல் பாதி முழுக்கச் சிரிப்பு.

"ஊர்ல எல்லார் வீட்டுக்கும் பத்திரிகை வச்சுட்டு, வாசல்ல யாரும் வராதீங்கன்னு போர்டு மாட்டியிருக்கீங்க! தானா சைட்மேப் எழுதற வசதி ஏன் வேலை செய்யலன்னும் இப்பத்தான் புரியுது. அந்த டிக் இருந்தா அதுவும் மூடிக்கும். இப்பக் கூப்புடறேன், மாமாகிட்டக் குடு."

"மாமா இல்லேன்னு சொல்லு," என்றார் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்த மாமா.

சைட்மேப்பை இன்னும் ஒருமுறை சமர்ப்பித்தாள். ஆனால் அடைத்த கடை திறந்துவிட்டது என்று அந்த இயந்திரம் மறுபடி வந்து பார்த்துத் தெரிந்துகொள்ள நாள் பிடிக்கும். ஆரஞ்சுச் சட்டைக்காரருக்குப் பொறுமை கிடையாது. கூப்பிடாமலே மறுநாள் காலை வந்து நின்றார். கையில் ஒப்பந்தத் தாள், காதில் பேனா.

வருவதற்குச் சற்று முன்புகூட அவள் தேடிப் பார்த்திருந்தாள். ஆரஞ்சுக் கம்பெனி, மறுபடி ஆரஞ்சுக் கம்பெனி, பூட்டுப் படம் வரைவது எப்படி.

"என்னண்ணே, போட்டுடலாமா?"

அவள் கணவனைப் பார்த்தாள். சோதித்துப் பார்க்காத பூட்டை ஒருநாளும் கையில் கொடுக்காத மனுஷன். இப்போது காட்டுவதற்கு அவர்களிடம் ஒன்றுமே இல்லை. பச்சை எழுத்து மட்டும்தான் இருந்தது. அந்தப் பச்சையின் லட்சணம் இருவருக்கும் தெரியும்.

பூட்டுக்காரர் சட்டையை மடித்து, உறையில் போட்டு, மேசைமேல் நகர்த்தி வைத்தார்.

"தம்பி, ஒரு பூட்டு தெறக்கலேன்னா ரெண்டு காரணம்தான். ஒண்ணு, பழுதா இருக்கணும். இல்லேன்னா, அது பூட்டியிருக்கணும். கடை பழுதாயிடுச்சுன்னு நெனச்சுத்தான் உங்களுக்குத் தலையாட்ட இருந்தேன். பூட்டிதான் இருந்திருக்கு. நேத்துதான் தெறந்தோம்."

"புரியலண்ணே."

"புரிய வேணாம். சட்டையக் கொண்டுபோங்க. தோளு புடிக்குது."

"வேற சைஸ் இருக்குண்ணே. ஆனா ஒண்ணு சொல்லிடறேன், இந்த ஏரியாவுக்கு வேற ஆளப் போட்டுட்டா அப்புறம் நீங்க வந்து கேட்டாலும் எடம் கெடையாது."

"போடுங்க," என்றாள் எக்ஸ்சேஞ்ச் அக்கா. அவர் சலவைக்கடை வளைவைத் தாண்டிய பிறகுதான் கணவன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, வராமலே போச்சுன்னா?"

"இப்ப வந்து கேளு," என்று எரிந்து விழுந்தார் அவர். "அந்த ஆளு இருக்கறப்பவே கேட்டிருக்கலாம்ல?"

அடுத்த நாட்களில் இருவரும் ஒருவரையொருவர் கடித்துக் குதறாத குறை. "வந்துச்சா?" என்பார் அவர். "வந்தா சொல்ல மாட்டேனா?" என்பாள் அவள். போர்டு சாய்ந்தபடியே நின்றது. கம்பெனி வேறு ஆளைப் போட்டுவிட்டது. மருந்துக்கடை வாசலில் ஒரு ஆரஞ்சுச் சட்டை வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்ததை அவளே கண்ணால் பார்த்துவிட்டு வந்தாள். கணவனிடம் சொல்லவில்லை. அவரும் அதைப் பார்த்துவிட்டு வந்து, அவளிடம் சொல்லவில்லை.

கடைசியில் விலக்கப்பட்டவை பகுதியிலிருந்து ஒரே ஒரு பக்கம் காணாமல் போய், சேர்க்கப்பட்டவையில் தலைகாட்டியது. பீரோ இல்லை. பெட்டகம் இல்லை. சைட்மேப்பில் ஆகக் கடைசியாக எழுதிய தபால் பெட்டி. அவர் பார்க்கும் வேலைகளிலேயே ஆகச் சின்ன வேலை; அதைப் போட வேண்டாம் என்று அவர் சொல்லி, இவள் பிடிவாதமாகப் போட்ட பக்கம்.

போன் அடித்தது. ஒரு பெண் குரல், அவசரத்தில் மூச்சு வாங்கியது. தபால் பெட்டிச் சாவி தொலைந்துவிட்டது, உள்ளே வேலைக்கான உத்தரவு வந்து கிடக்கிறது, போனில் தேடினால் உங்கள் கடை வந்தது, பெட்டியையே கழற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், மருந்துக்கடை வரை வந்தாயிற்று, சந்துக்குள் எப்படி வருவது?

எக்ஸ்சேஞ்ச் அக்கா முதுகை நிமிர்த்தினாள்.

"லைன்ல இருங்க," என்றாள். "மருந்துக்கடைய ஒட்டி உள்ள வாங்க. எடது பக்கம் சலவைக்கடை வரும். அதைத் தாண்டினதும் வளையுங்க. ஆரஞ்சுச் சட்டை போட்ட ஆளு யாராவது வழியில நின்னு கேட்டா, பேச்சுக் குடுக்காம நேரா வாங்க. தண்ணித் தொட்டி தெரியுதா?"

"யாரு?" என்றார் பூட்டுக்காரர் பட்டறை மேசையிலிருந்து. "பீரோவா? பெட்டகமா?"

அவள் போனைக் கையால் பொத்தினாள். "தபால் பெட்டி."

"இத்தன கூத்துக்கும் ஒரு தபால் பெட்டியா?"

"சும்மா இருங்க," என்று சீறிவிட்டுக் கையை எடுத்தாள். "ஆங், சொல்லுங்க. தொட்டி தெரியுதா? எதிர்ல நிமிர்ந்து பாருங்க. கோணலா ஒரு போர்டு."

பூட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே சின்ன அரத்தைத் தேடி எடுத்தார். பிறகு எழுந்துபோய், எப்போதும் பாதி சாத்தியே வைத்திருக்கும் கடைக் கதவை முழுதாகத் திறந்து வைத்தார்.